அழ ஆளில்லாத ரைடர்கள்

போன சித்திரையில் போளூர் பக்கத்து ஊர் ஒன்றில் படுகளம் பார்க்கப் போயிருந்தேன். அக்கா பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பதாவது படிக்கிறான். ஒரு வருஷமாகக் காமென் ரைடர் பைத்தியம். ஜப்பான்காரன் 1971இல் ஆரம்பித்து இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிற தொடர் அது. வருஷத்துக்கு ஒரு ஹீரோ, வருஷத்துக்கு ஒரு கதை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பு. பையன் அதை போனில் சப்டைட்டிலோடு பார்க்கிறான். அவன் பார்க்கிறானே என்று நானும் பார்க்க ஆரம்பித்து, இப்ப அவனைவிட நான்தான் அதிகம் பார்க்கிறேன் என்று அக்கா திட்டுகிறாள்.

காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். மைதானத்தில் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். மண்ணால் செய்த உருவம். கிரீடம், முறுக்கின மீசை, விரித்த கண், வாழைத்தண்டு மாதிரி நீண்ட தொடை. பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் அந்த மண் உடம்பைச் சுற்றியும் அதன் மேலேயும் ஓடி ஓடிச் சண்டை போட்டார்கள். ராத்திரி முழுக்க ஆடின கால்கள், அந்த வெயிலிலும் சலங்கை நிற்கவில்லை. பீமன் தொடையில் அடித்தான், உள்ளே வைத்திருந்த செம்புநீர் பீறிட்டது, திரௌபதி கூந்தல் முடித்தாள். அதுக்குப் பிறகு பெண்கள் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். சாயங்காலம் தீமிதி.

எல்லாம் பார்த்துவிட்டுப் பையன் கேட்டான்: “மாமா, இதுக்கப்புறம் ரீசெட் இருக்கா?”

பக்கத்தில் இருந்த பெரியவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவன் அந்த வாரம்தான் ‘ஜியோ’ தொடரை முடித்திருந்தான். 2019 ஆகஸ்டில் முடிந்த தொடர். கடைசி எபிசோடில் கூட இருந்தவர்கள் செத்துப்போகிறார்கள். ஹீரோ சோகோ எல்லாத்தையும் அழித்து உலகத்தை முதலிலிருந்து படைக்கிறான். புது உலகத்தில் செத்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக யூனிஃபார்மில் வந்து நிற்கிறார்கள். நடந்தது எதுவும் அவர்களுக்கு நினைவில்லை. பையன் இரண்டு நாள் கோபமாகவே இருந்தான். “அப்ப நான் ஒரு வருஷக் கதையை எதுக்கு மாமா பார்த்தேன்?” என்றான்.

இந்தக் குறிப்பு அந்தக் கேள்விக்கான பதில் மாதிரி. பதில் என்று சொல்வதைவிட, அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான் போய் ஒரு கூத்து வாத்தியாரிடம் கேட்டதும், அவர் சொன்னதை வைத்து மறுபடி ஜப்பான் தொடர்களைப் பார்த்ததும்.

*

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஜப்பான் சூப்பர் ஹீரோ தொடர் நமக்குப் புதுசில்லை. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ‘ஜயன்ட் ரோபோ’ வந்தது. கைக்கடிகாரத்தில் பேசுகிற பையன், அவன் பேச்சுக்குக் கட்டுப்படுகிற ராட்சச ரோபோ. 1967இல் எடுத்த 26 எபிசோடு தொடர், நமக்கு இருபது வருஷம் கழித்து வந்தது. அதோட கடைசி எபிசோடு எங்கள் தெருவில் ஒரு துக்க நாள். வில்லனைச் சுட்டால் அவனோடு சேர்ந்து பூமியும் போய்விடும் என்கிற நிலை. ரோபோ முதல்முறையாகப் பையன் சொல்வதைக் கேட்காமல் வில்லனைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போகிறது. பையன் கீழே நின்று திரும்பி வா, திரும்பி வா என்று கத்துகிறான். அது வரவில்லை. அவ்வளவுதான். அதன்பிறகு ஜெட்டிக்ஸ் சேனலில் பவர் ரேஞ்சர்ஸைத் தமிழில் பார்த்த தலைமுறை ஒன்று இருக்கு. அந்தச் சண்டைக் காட்சிகளில் முக்கால்வாசி ஜப்பானின் சூப்பர் சென்டாய் தொடரிலிருந்து வெட்டி எடுத்தது என்று அவர்களுக்குப் பெரியவர்கள் ஆன பிறகுதான் தெரிந்தது.

நடுவில் நம்ம சொந்தச் சரக்கு ‘சக்திமான்’. 1997இல் தொடங்கியது. இந்தி புரியாமலே பார்த்தோம், அது வேற கதை. அந்தத் தொடருக்கு முடிவே கிடையாது. 2005இல் அப்படியே நின்றுபோனது. சேனலுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் ஏறிப்போனதால் நிறுத்த வேண்டியதாகிவிட்டது என்று முகேஷ் கன்னாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் எப்பவும் ஒரு வேடிக்கை தோன்றும். சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’தில் பீஷ்மர். வில்லன் கில்விஷாக நடித்த சுரேந்திர பால் அதிலே துரோணர். உலகத்திலேயே நீளமான சாவு பீஷ்மரோடது. அம்புப் படுக்கையில் கிடந்துகொண்டே ஒரு சாந்தி பர்வத்தையே சொல்லி முடித்தவர். அந்த மனுஷன் சூப்பர் ஹீரோ ஆனதும் அவருக்கு ஒரு கடைசி எபிசோடு கிடைக்கவில்லை.

*

காமென் ரைடரில் ரசிகர்கள் எப்பவும் புலம்புவது இரண்டு விஷயம்: பாத்திரத்தை வீணாக்கிவிட்டான், முடிவைக் கெடுத்துவிட்டான். இரண்டுக்கும் காரணம் சொல்வது சுலபம். இது பொம்மை விற்கிற தொடர். பண்டாய் கம்பெனி பெல்ட் விற்கும். புது ரைடர் வந்தால் புது பெல்ட். அந்தப் பெல்ட் கடைக்கு வருகிற வாரம்தான் அந்தப் பாத்திரம் கதைக்குள் வர வேண்டிய வாரம். பெல்ட் விற்றுத் தீர்ந்தால் பாத்திரம் பின்வரிசையில் போய் நிற்கும். வில்லன் வந்து ஒரு அடி அடித்தால் பறந்துபோய் விழும். ‘இவனையே அடிச்சிட்டானே, அப்ப இவன் எவ்ளோ பெரிய ஆளு’ என்று காட்ட அவன் பயன்படுவான். கோடையில் ஒரு சினிமா, பல வருஷம் டிசம்பரிலும் ஒரு சினிமா இருந்தது. அடுத்த ஞாயிறு புதுத் தொடர் தயாராக நிற்கும், ஆகவே இந்த ஞாயிறு முடித்தே ஆகணும்.

2009இல் ‘டிகேட்’ என்று ஒரு தொடர். 31 எபிசோடு. கடைசி எபிசோடின் கடைசி நொடியில் ஒருத்தன் ஹீரோவை நோக்கித் துப்பாக்கியை நீட்டிச் சுடுகிறான். மீதியை டிசம்பரில் தியேட்டரில் பாருங்கள் என்று முடித்துவிட்டார்கள். ஆகஸ்டில் சுட்ட குண்டு டிசம்பர் வரைக்கும் காற்றிலேயே போய்க்கொண்டிருந்தது.

அதைவிட விசேஷம் 2002இல் வந்த ‘ரியூகி’. 13 ரைடர்கள், ஒருத்தரை ஒருத்தர் கொன்று கடைசியில் மிஞ்சுகிறவனுக்கு ஒரு வரம். குருட்சேத்திரத்தைக் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி. அந்த ஒரே வருஷத்தில் மூன்று முடிவு கொடுத்தார்கள். தொடர் முடிய ஐந்து மாசம் இருக்கும்போதே, 2002 ஆகஸ்டில், ‘கடைசி எபிசோடு’ என்ற பெயரிலேயே ஒரு சினிமா. செப்டம்பரில் ஒரு டிவி ஸ்பெஷல், அதில் சண்டை தொடரணுமா நிற்கணுமா என்று பார்க்கிறவர்களே ஓட்டுப் போட்டார்கள். 2003 ஜனவரியில் நிஜமான கடைசி எபிசோடு. 13 பேர் என்று விளம்பரம் செய்துவிட்டு, தொடரை மட்டும் பார்த்தவனுக்கு மூன்று பேரைக் காட்டவே இல்லை. இருந்த ஒரே பெண் ரைடர் சினிமாவில் வந்து சினிமாவிலேயே செத்துப்போனாள்.

இதெல்லாம் சரி. பொம்மைக் கம்பெனியைத் திட்டிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் அதே கம்பெனி, அதே பெல்ட், அதே ஞாயிற்றுக்கிழமை, அதிலிருந்தே நெஞ்சை விட்டுப் போகாத முடிவுகளும் வந்திருக்கே, அது எப்படி? காரணம் பணம் மட்டும்தான் என்றால் எல்லாமே கெட்டிருக்கணும் இல்லையா? இங்கேதான் எனக்கு இடித்தது.

*

படுகளம் முடிந்து வேஷம் கலைத்துக்கொண்டிருந்த வாத்தியாரிடம் போய் உட்கார்ந்தேன். பாரதக் கூத்து ஆடி நாற்பது வருஷம் ஆன கை. தேங்காய் எண்ணெய் போட்டு முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையன் அவருடைய புஜக்கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், எல்லாம் முருக்கு மாதிரி லேசான மரத்தில் செய்து கண்ணாடி ஒட்டினது. இந்தக் கட்டையைக் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் நின்று பாட்டைத் தொடங்கி, திரை விலகினதும் மனுஷன் இல்லை, கர்ணன். ‘ஹென்ஷின்’ என்றான் பையன். ஜப்பானில் ரைடர் உருமாறும்போது கத்துகிற சொல்.

நான் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “வாத்தியாரே, விகர்ணனுக்கு ஏன் ஒரு ராத்திரி இல்ல?”

விகர்ணன் நூற்றுவரில் ஒருத்தன். சபையில் திரௌபதியை இழுத்து வந்தபோது பெரியவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்க, இது தப்பு என்று எழுந்து பேசினவன். இப்ப யோசித்தால் அவன்தான் அந்தச் சபையின் ஹீரோ. அதுக்கப்புறம் அவனை யாரும் கண்டுகொள்வதில்லை. நான் பார்த்த ராத்திரிகளில் அவன் கூட்டத்தில் ஒருத்தனாகக்கூட நினைவில் நிற்கவில்லை. என்னைக் கேட்டால் பாரதத்திலேயே வீணான பாத்திரம் அவன்தான்.

வாத்தியார் துணியை உதறிவிட்டுச் சொன்னார். “நல்லவன்தான் தம்பி. ஆனா அவன் செத்தா அழறதுக்கு ஆளு யாரு? ஆளு இருந்தாத்தான் ராத்திரி ஓடும். கர்ணனுக்குப் பொன்னுருவி இருக்கா. அபிமன்யுவுக்குச் சுபத்திரை இருக்கா. இதோ இவனுக்கே பெருந்திருவாள் இருக்கா.” மைதானத்தில் மண்ணாகக் கிடந்தவனைக் கையைக் காட்டினார். “விகர்ணனுக்கு யார எழுப்பி உடுறது?”

நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கூத்துக்காரர், வேஷக் கணக்கில் சொன்னார். பத்துப் பன்னிரண்டு பேர் வைத்துக்கொண்டு விடிய விடிய ஓட்டுகிறவருக்கு ஒரு வேஷத்துக்கு எதிர்வேஷம் வேணும், தர்க்கம் பண்ண ஆள் வேணும். ஆனால் அவர் சொன்னது விமர்சகர்கள் சொல்லாத ஒரு அளவுகோல் என்று எனக்குப் படுகிறது. ஒரு பாத்திரம் வீணாவது அதுக்கு நேரம் கொடுக்காததால் இல்லை. அதோட இழப்பைக் கதைக்குள் வாங்கிக்கொள்ள இன்னொரு பாத்திரம் இல்லாததால்.

கர்ண மோட்சம் ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் நாள் போர். கர்ணன் சாகப்போகிறான் என்று பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். அதில் சஸ்பென்ஸ் எதுவும் கிடையாது. அப்புறம் எதுக்கு ஜனம் முழிச்சிருக்கு? பொன்னுருவிக்காக. அவள் கர்ணனின் மனைவி, தேரோட்டி மகன் என்று அவனை மதிக்காதவள். போருக்குக் கிளம்புகிறவன் விடைபெற வருகிறான், அவள் விட மாட்டேன் என்கிறாள், குலத்தைச் சொல்லிக் குத்துகிறாள், அவன் தன் பிறப்பின் உண்மையைச் சொல்கிறான். அவள் உடைகிறாள். இந்தத் தர்க்கம் மணிக்கணக்கில் போகும். அர்ஜுனன் அம்பு விடுகிற நேரம் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கர்ணனின் சாவு அம்பு படுவதற்கு முன்னாடியே நடந்துவிடுகிறது, அந்த வீட்டு வாசலில். வியாசருக்குப் பொன்னுருவி தெரியாது. கூத்து அவளைக் கொண்டுவந்தது. ஏன் என்று இப்ப எனக்குப் புரிகிற மாதிரி இருக்கு.

அரவானைப் பாருங்கள். வியாச பாரதத்தில் அவன் அர்ஜுனனின் மகன்களில் ஒருத்தன், எட்டாம் நாள் ஒரு ராட்சசன் கையில் செத்துப்போகிறான், அவ்வளவுதான். ஜப்பான் பாஷையில் சொன்னால் இரண்டு எபிசோடு ரைடர். தமிழ் என்ன செய்தது? பெருந்தேவனாரின் பாரத வெண்பா காலத்திலிருந்தே அவனைப் போருக்கு முன்னால் களப்பலியாக்கி, சாவுக்கே ஒரு அர்த்தம் கொடுத்தது. அதோடு விடவில்லை. பதினெட்டு நாள் போரையும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று வரம் கேட்க வைத்தது. கடைசி எபிசோடு வரை பார்க்கணும் என்று வரம் வாங்கின ஒரே பாத்திரம் உலகக் கதையிலேயே அவன்தான் இருக்கும். அப்புறம் கூவாகத்தில் வருஷா வருஷம் சித்திரையில் திருநங்கைகள் அவனுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்துக்கொண்டு அழுகிறார்கள். அழ ஒரு ஆள் இல்லாமல் இருந்தவனுக்கு ஒரு சமூகமே விதவையானது.

அதுக்காகக் கூத்து எல்லாரையும் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல வரவில்லை. கடோத்கஜனைப் பாருங்கள். பதினாலாம் நாள் ராத்திரி வருகிறான், பெரிசா வளர்கிறான், கர்ணனிடம் இருக்கிற சக்தி ஆயுதத்தைச் செலவு பண்ண வைக்கிறான், சாகிறான். கண்ணன் சந்தோஷப்படுகிறான், அர்ஜுனன் பிழைத்தான் என்று. வில்லனின் கடைசி அஸ்திரத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு ஹீரோவுக்கு வழி விட்டுப் போகிற துணை ரைடர் இவனேதான், ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் விகர்ணன். மூலத்தில் அவனுக்காக வருந்துகிற ஒரே ஆள் அவனைக் கொன்ற பீமன். நூறு பேரையும் கொல்வேன் என்று சபதம் போட்டுவிட்டேனே, அதனால் நீயும் சாக வேண்டியதாயிற்றே என்கிறான். யோசித்துப் பாருங்கள், கொன்றவனே அழுகிறான். இதைவிட ஒரு ராத்திரிக்கு என்ன வேணும்? வாத்தியாரிடம் அடுத்த தடவை இதைச் சொல்லிப் பார்க்கணும்.

*

இந்த அளவுகோலோடு மறுபடி ஜப்பானுக்குப் போகலாம்.

ரியூகியில் இரண்டு ரைடர்கள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் போகிறார்கள். ஷிபாஉரா என்று ஒருத்தன், எல்லாத்தையும் விளையாட்டாக நினைக்கிற பணக்காரப் பையன். அசகுரா என்கிற கொலைகாரன் அவனைக் கேடயமாகப் பிடித்து நிறுத்த, அடி அவன் மேல் விழுகிறது, செத்துப்போகிறான். இன்னொருத்தன் தெசுகா, குறி சொல்கிறவன். அடுத்து மறையப்போகிறது ஹீரோ ஷிஞ்சிதான் என்று குறியில் தெரிந்துகொண்டு, அவனுக்கு வருகிற அடிக்குக் குறுக்கே போய் விழுகிறான். இரண்டு பேருக்கும் கிடைத்த நேரம் அப்படி ஒன்றும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. ஆனால் தெசுகா வீணான பாத்திரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனுடைய சாவு ஷிஞ்சியிடம் தங்குகிறது. ஷிபாஉராவின் சாவு யாரிடமும் தங்கவில்லை, பெல்ட்டோடு போச்சு.

ஜியோவில் சுகுயோமி. ஆரம்பத்திலிருந்து கூடவே இருக்கிற பெண். அவளை ரைடர் ஆக்குவதற்கே தொடர் முடிய சில வாரம் இருக்கும்போதுதான் மனசு வந்தது. கடைசியில் சொந்த அண்ணனையே எதிர்த்து நின்று, தானும் மறைகிறாள். பாருங்கள், கருவில் என்ன ஒரு கூத்து இருக்கு! அண்ணனை எதிர்க்கிற தங்கை, விடிய விடிய தர்க்கம் போட்டிருக்கலாம். சில நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். அவள் போனதுக்கு அழ வேண்டியவன் சோகோ. அவன் அழுவதற்குள் ரீசெட் வந்துவிட்டது. என் அக்கா பையனுக்கு வந்த கோபம் இதுதான் என்று நினைக்கிறேன். செத்தவர்கள் திரும்பி வந்ததால் கோபம் இல்லை. அழுகிறவர்களின் நினைவைத் துடைத்துவிட்டார்கள் என்பதுதான் கோபம். ஒப்பாரி வைக்கிறவளின் வாயைப் பொத்தி, ‘ஒன்றும் நடக்கவில்லை, எழுந்து போ’ என்று சொன்ன மாதிரி.

ரியூகியிலும் ரீசெட்தானே என்று கேட்கலாம். ஆமாம். அதில் ஹீரோ கடைசி எபிசோடுக்கு ஒரு வாரம் முன்னாடியே செத்துப்போகிறான். எவ்வளவு தைரியம் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண்ணைக் காப்பாற்றப் போய்ச் சாகிறான். அவனோடு ஒரு வருஷம் அடித்துக்கொண்ட ரென், சாகாதே என்று கெஞ்சுகிறான். அப்புறம் ரென்னும் வரத்தை வாங்கித் தன் காதலிக்குக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே சரிகிறான். அழுகை எல்லாம் அழுது முடித்த பிறகுதான் உலகம் மாறுகிறது. கடைசியில் ஷிஞ்சியும் ரென்னும் ஒரு டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களாக முறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நினைவில்லை, நமக்கு இருக்கு. எனக்கு இந்த முடிவு பாதிதான் பிடிக்கும். ஆனால் ஜியோவோடு ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

‘பிளேட்’ முடிவைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். 2005 ஜனவரி. கென்சாகி என்கிற ரைடர், ஹாஜிமே என்கிற நண்பன். ஹாஜிமே மனுஷன் இல்லை, ஜோக்கர் என்கிற அழியாத ஜந்து. போட்டியில் ஜோக்கர் ஒருத்தன் மட்டும் மிஞ்சினால் உலகம் அழியும். அப்ப நண்பனை முடக்கணும், இல்லையென்றால் உலகம் போகும். கென்சாகி மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடிக்கிறான். தன் மனித உடம்பை விட்டுத் தானும் ஒரு ஜோக்கர் ஆகிவிடுகிறான். இரண்டு பேர் மிஞ்சினால் போட்டி முடியாது, முடியாவிட்டால் உலகம் அழியாது. ஆனால் பக்கத்தில் இருந்தால் சண்டை போட்டே ஆகணும் என்பது அவர்கள் உடம்பின் விதி. ஆகவே இனி சந்திக்கவே கூடாது. கென்சாகி போய்விடுகிறான். ஹாஜிமே மனிதர்களோடு வாழ்கிறான், தனக்காகப் போனவனை நினைத்துக்கொண்டு. ஒருத்தன் போகிறான், ஒருத்தன் சுமக்கிறான். பொன்னுருவி வாசலில் நிற்கிற மாதிரியே இருக்கும் எனக்கு. தொடர் முழுக்க பார்த்தால் பிளேட் ஒன்றும் பெரிய தொடர் இல்லை. முதல் பாதி இழுவை. அந்த முடிவு அத்தனையையும் தாங்கிவிடுகிறது.

இதே ஹாஜிமேயையும் கென்சாகியையும் 2019இல் ஜியோவுக்குள் இழுத்து வந்து, சந்திக்க வைத்து, இரண்டு பேரின் ஜோக்கர் சக்தியையும் எடுத்துவிட்டு மனுஷர்களாக அனுப்பிவைத்தார்கள். சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. எனக்கு, படுகளம் முடிந்ததும் துரியோதனன் மண்ணை உதறிக்கொண்டு எழுந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்ன மாதிரி இருந்தது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லணும், இல்லையென்றால் என் அளவுகோலை நானே ஏமாற்றுகிறேன். 1991இல் தொடங்கின ‘ஜெட்மேன்’ என்கிற சென்டாய் தொடர். உலகத்தைக் காப்பாற்றி முடித்தாயிற்று. ஹீரோ ரியூவுக்கும் காவோரிக்கும் கல்யாணம். காவோரியை ஒரு காலத்தில் விரும்பின கை, கல்யாணத்துக்குப் பூ வாங்கிக்கொண்டு வரும் வழியில் ஒரு பிக்பாக்கெட்காரன் கையில் கத்திக்குத்து வாங்குகிறான். ராட்சசர்கள் கொல்லாதவனைத் தெருப்பொறுக்கி கொல்கிறான். ரத்தத்தை மறைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ரியூவோடு சாதாரணமாகப் பேசி அனுப்பிவிட்டு, வானத்தைப் பார்த்தபடியே செத்துப்போகிறான். மற்றவர்கள் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அழ யாருமே இல்லை. அப்ப இவன் வீணா? இல்லவே இல்லை. தாலி ஏறும்வரை சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று நம்ம வீடுகளில் பொத்திவைப்பார்களே, அது. அந்த அழுகை இன்னும் ஐந்து நிமிஷத்தில் வரப்போகிறது. நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த ஐந்து நிமிஷத்தை நம்மிடம் கொடுத்துவிட்டுத் தொடரை முடித்துவிட்டார்கள்.

*

முடிவு என்பதைக் கூத்து எப்படிக் கையாளுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், டிகேட் நினைவில் இருப்பதால். கூத்தும் கடைசி எபிசோடுக்கு இடத்தை மாற்றுகிறது. ராத்திரியெல்லாம் களரியில் நடந்த கதை, கடைசி நாள் பகலுக்கும் மைதானத்துக்கும் போகிறது. ஒன்று, இதுக்கு டிக்கெட் இல்லை. இரண்டு, இடம் மாறுவதே எல்லாரும் உள்ளே வருவதுக்குத்தான். ராத்திரி தூங்கிப்போனவர்கள், சின்னப் பிள்ளைகள், கூத்துப் பார்க்காத ஆட்கள், எல்லாரும் படுகளத்துக்கு வருவார்கள். வில்லிபுத்தூராரும் பத்துப் பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். போர் முடிந்த பிறகான ராஜ்ஜியம், உபதேசம், சொர்க்கம் எல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இந்தப் பக்கத்து ஊர்களும் அங்கேயே நிற்கின்றன: வில்லன் கிடக்கிறான், கூந்தல் முடிந்தாயிற்று, பெண்கள் அழுகிறார்கள். யாருக்காக? தோற்றவனுக்காக. இவ்வளவு நாள் எவனைத் திட்டினார்களோ அவனுக்காக.

இப்ப எனக்கு உறுத்துகிற விஷயம். நான் சின்ன வயசில் பார்த்தபோது அந்த ஊரில் பத்து ராத்திரி கூத்து. இப்ப ஆறு. ஒரு ராத்திரி ஆர்க்கெஸ்ட்ரா. செலவு, ஆள் வரத்து, மைக்செட் அனுமதி, காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான், விழாக் குழுவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எது வெட்டுப்பட்டது என்று பாருங்கள். அரவான் களப்பலி போய்விட்டது. அபிமன்யுவையும் கர்ணனையும் ஒரே ராத்திரியில் போட்டார்கள். அன்றைக்கு நானும் பையனும் இருந்தோம். சண்டைகள் எல்லாம் முழுசா இருந்தது. சக்கர வியூகம் இருந்தது, தேர் இருந்தது, நாகாஸ்திரம் இருந்தது. பொன்னுருவி இருபது நிமிஷம்தான் வந்தாள். வந்தாள், திட்டினாள், அழுதாள், போனாள். விடிவதற்கு முன்னால் கர்ணன் செத்தான். பையன் தூங்கிப்போயிருந்தான். முன்வரிசைப் பாட்டிகள் பாதிப்பேர் எழுந்து போயிருந்தார்கள். வாத்தியார் குரலில் குறை ஒன்றும் இல்லை. கர்ணன்தான் பெல்ட் மாட்டின யாரோ ஒருத்தன் மாதிரி இருந்தான்.

அதனால்தான் பையன் படுகளத்தில் ரீசெட் இருக்கா என்று கேட்டிருப்பானோ என்று ஒரு சந்தேகம். அவன் பார்த்த கூத்தே அந்த மாதிரிச் சுருங்கின கூத்துதானே.

வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். சண்டையைக் குறைத்துவிட்டுத் தர்க்கத்தை வைத்திருக்கலாமே என்றேன். “சண்டை இல்லன்னா பசங்க உக்கார மாட்டாங்க தம்பி,” என்றார். “பொன்னுருவி இருந்தா எழுந்து போகாம இருப்பாங்க. ரெண்டும் வேணும். ரெண்டுக்கும் ஒரு முழு ராத்திரி வேணும்.” அடுத்த வருஷம் கர்ண மோட்சத்துக்குத் தனி ராத்திரி கேட்டிருக்கிறாராம். கொடுப்பார்கள் போலத்தான் இருக்கு.

பையனிடம் சொன்னேன், அடுத்த வருஷம் விடிய விடிய உட்காரணும், தூங்கக் கூடாது என்று.

“சண்டைக்கு நானே முழிச்சிருப்பேன் மாமா,” என்றான். “பொன்னுருவி வந்தா எழுப்பு.”